செடிக்கும் ஒரு சம்ப்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பக்கம் மொட்டை மாடியிலும் மாடிப்படி ஓரத்திலும் பால்கனிக் கம்பியிலும் செடி வைத்திருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்,

நான் திருவொற்றியூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். தையல் தொழில். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். இந்த மடலை எழுத வைத்தவர் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர். போன கத்திரி வெயிலில் ஒரு நாள் காலை, தன் மாடியில் இருந்த பதினோரு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மண்ணைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கத்தரிச் செடியில் ஊதாப் பூ இருந்தது. "குடிக்கவே கொடம் கொடமா மேல ஏத்துறேன். இதுங்களுக்கு வேற எங்கேர்ந்து ஊத்துறது? முட்டி போயிடுச்சு" என்றார். அன்றைக்கு என்னால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சாக்கைக் கீழே இறக்கக் கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

காலையில் ஒரு சொம்பு ஊற்றுகிறோம். காய்ந்த மண் உடனே உறிஞ்சாது. தொட்டிச் சுவரோரமாக இடுக்கு பார்த்து ஓடி, அடித் துளை வழியாகத் தண்ணீர் வெளியே வந்துவிடும். தளம் நனையும், கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரம் பூக்கும், கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார். வேருக்குக் கிடைத்தது பாதிகூட இருக்காது. பகல் ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தால் தக்காளி இலை நனைந்த துணி மாதிரி தொங்கும். மறுபடி ஒரு சொம்பு, மறுபடி கீழே ஓட்டம். ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால், ஊரில் ஒரு சாவுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டால், செடி முடிந்தது.

வீட்டுக்கு இந்தப் பிரச்சினை வந்தபோது நாம் என்ன செய்தோம்? சம்ப் கட்டினோம். தண்ணீர் வருகிற நேரத்தில் சம்பில் பிடித்துக்கொள்கிறோம், வேண்டும்போது மேலே ஏற்றிக்கொள்கிறோம். சம்ப் கட்ட இடமில்லாதவர்கள் வாசலில் டிரம் வைத்திருக்கிறோம், அடுக்களையில் குடம் அடுக்கியிருக்கிறோம். தண்ணீர் விட்டு விட்டு வரும் ஊரில் சேமித்து வைக்காமல் குடித்தனம் நடத்த முடியாது என்று நமக்குத் தெரியும். செடிக்கு மட்டும் அன்றன்றைக்குக் கொடுத்து அன்றன்றைக்கே தீர்த்துவிடுகிறோம். தொட்டிக்கு அடியிலேயே ஒரு சம்ப் வைத்துவிட்டால், செடி தனக்கு வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். மோட்டார் வேண்டாம், கரண்ட் வேண்டாம். இதுதான் நான் சொல்ல வந்தது. கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் நம் பகுதியில் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைக் கவனிக்காமல் நான் ஒரு வருஷச் செடியைப் பறிகொடுத்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர் எப்படி மேலே ஏறும் என்று கேட்பவர்களுக்கு நம் ஊர்க் கோயிலிலேயே பதில் இருக்கிறது. கலிய நாயனார் திருவொற்றியூர்க்காரர். செக்காட்டும் குலம். தியாகராசர் கோயிலில் விளக்கெரிப்பதே தொண்டாக வாழ்ந்தவர், எண்ணெய் வாங்க வழியில்லாதபோது தன் ரத்தத்தையே ஊற்றத் துணிந்தவர். அறுபத்து மூவரில் ஒருவர். அவர் ஏற்றிய அகலில் எண்ணெய் கீழே இருந்தது, சுடர் மேலே இருந்தது. திரி உறிஞ்சிக் கொடுத்தது. நூலுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளிகளில் எண்ணெய் தானாக ஏறுகிறது. மண்துகள்களுக்கு நடுவிலும் அப்படித்தான் தண்ணீர் ஏறும். செடி மேலே குடிக்கக் குடிக்கக் கீழிருந்து வந்துகொண்டே இருக்கும். செடி குடிக்காத நாளில் ஏற்றமும் குறைந்துவிடும்.

இது புதிதும் இல்லை. சீனாவில் ஃபான் ஷெங்ஜி என்பவர் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய வேளாண்மை நூலில், மண்பானையை நிலத்தில் புதைத்துத் தண்ணீர் நிரப்பிச் சுற்றிலும் பழக்கொடி போடும் முறை இருக்கிறது. நம் நாட்டில் அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தில் ஆர்.சி. மண்டல் என்கிற விஞ்ஞானி 1970களில் இதே பானைப் பாசனத்தை ஆராய்ந்து எழுதினார். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த பிளேக் விசெனன்ட் என்ற தக்காளி விவசாயி 1990களில் அடியில் தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் பெட்டியாக இதைச் செய்து விற்க ஆரம்பித்தார். இப்போது கடைகளில் விற்கும் 'செல்ஃப் வாட்டரிங்' தொட்டிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. விலை கொடுத்து வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். நமக்குக் காசிமேடு பக்கத்திலேயே இருக்கிறது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டி உங்களுக்குத் தெரியும். ஓரம் உடைந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார்கள், காற்றில் பறந்து கடலுக்குப் போய்விடும். என் தம்பி துறைமுகத்தில் வேலை செய்கிறான், அவன்தான் எனக்கு முதல் பெட்டியைக் கொண்டுவந்தான். இரண்டடி நீளம், ஒன்றே கால் அடிக்குக் கொஞ்சம் கூட அகலம், ஒரு அடி உயரம். மீனுக்குக் குளிர்ச்சியைக் காப்பாற்றியது போலவே வேருக்கும் காப்பாற்றும். மே மாதத்தில் செருப்பில்லாமல் மாடித் தளத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும். சிமென்ட் தொட்டியும் கறுப்புப் பையும் அந்தச் சூட்டை அப்படியே வேருக்குக் கடத்திவிடும்.

பெட்டி கிடைத்ததும் நன்றாகத் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். மீன் வாடைக்குப் பூனை வந்து தோண்டும் என்பது ஒரு காரணம். பெட்டியில் ஊறிப்போன உப்பு போக வேண்டும் என்பது பெரிய காரணம். கீறல் இருந்தால் உள்ளே தடித்த பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுங்கள். வெயில் நேரடியாகப் பட்டால் தெர்மாகோல் மணி மணியாக உதிரும், அதனால் வெளிப்பக்கம் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

பிளம்பர் வேலை நடந்த வீட்டில் நான்கு அங்குல பிவிசி பைப் துண்டு கிடந்தால் கேட்டு வாங்கி, மூன்று அங்குல உயரத்துக்கு ஆறேழு வளையங்களாக அறுத்துப் பெட்டிக்குள் நிற்க வையுங்கள். அவைதான் தூண். தூண்மேல் தளம் வேண்டும். பழக்கடையில் உடைந்த பிளாஸ்டிக் கிரேட்டின் அடிப்பாகத்தைக் கேளுங்கள், அதில் ஏற்கெனவே ஓட்டைகள் இருக்கும், பெட்டிக்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம். தளத்தில் இரண்டு இடத்தில் தயிர் டப்பா அளவுக்கு வட்டமாக வெட்டி, சுற்றிலும் துளை போட்ட டப்பாவை அதில் இறக்கிவிடுங்கள். டப்பாவின் அடி பெட்டியின் அடியைத் தொட வேண்டும். அதற்குள் நிரப்பும் தென்னை நார்க்கழிவுதான் தண்ணீரில் நின்று உறிஞ்சும் கால். மூலையில் ஒரு அங்குல பைப்பைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அதன் அடியைச் சாய்வாக அறுத்தால்தான் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். கடைசியாக, பெட்டியின் பக்கச் சுவரில், தளத்துக்கு அரை அங்குலம் கீழே ஒரு துளை. இந்தத் துளையை மறக்கவே கூடாது. தண்ணீர் அதைத் தாண்டி ஏறினால் வழிந்துவிடும். தண்ணீருக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை அங்குலக் காற்றில்தான் வேர் மூச்சு விடுகிறது. அது இல்லாவிட்டால் செடி நின்றபடியே மூழ்கிச் சாகும்.

கால் டப்பா வைக்க முடியாத சின்ன வாளிகளுக்குத் துணித் திரி போதும். இங்கே என் தொழில் உதவியது. முதலில் பழைய வேட்டியைக் கிழித்துத் திரி போட்டேன். பருத்தி நன்றாகத்தான் உறிஞ்சியது. நான்காவது மாதம் எடுத்துப் பார்த்தால் நூல் நூலாக மக்கி வழவழவென்று கையில் வந்தது. பாலியஸ்டர் துணி மக்காது. ஆனால் புதுத் துணியில் மினுமினுப்புக்குப் போட்ட பசை இருக்கும், தண்ணீரை விலக்கும். சோப்பு போட்டுச் சுடுதண்ணீரில் இரண்டு தடவை அலசிய பிறகு, மூன்று விரல் அகலத்தில் முறுக்கிப் போடுங்கள். எந்தத் தையல் கடையிலும் வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள்.

உள்ளே நிரப்புவது மண்ணாக இருக்கக் கூடாது என்று கெஞ்சிக் கேட்கிறேன். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டக் கிட்டில் வளர்ப்புப் பையோடு தென்னை நார்க்கழிவுக் கட்டி வந்ததே, அதுதான் இதற்கு ஏற்றது. இரண்டு பங்கு நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய எரு. வெறும் களிமண் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு காற்றை விடாது. அடியில் தண்ணீர் நின்றால் சேறாகி நாறும். அதோடு, நம் பக்கத்து மண்ணைப் பற்றி நமக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் சுவரில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. காலி மனையில் அள்ளிய மண்ணில் என்ன இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைக்குக் கீரை வளர்க்க அந்த மண் வேண்டாம். இதே காரணத்தால் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்மும் வேண்டாம். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் டிரம்மில் முன்னால் என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

இனி, நான் பறிகொடுத்த கதை.

முதல் வருஷம் நான்கு பெட்டி போட்டேன். எங்கள் கட்டடத்தில் மெட்ரோ தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் போதும். மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர். பெட்டிக்கும் அதையே ஊற்றினேன். பிப்ரவரியில் கத்தரி தளதளவென்று வந்தது. மார்ச் கடைசியில் இலை ஓரம் பழுப்பாகக் கருக ஆரம்பித்தது, நெருப்பில் வாட்டிய அப்பளம் மாதிரி. தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். ஏப்ரலில் பெட்டியின் மேற்பரப்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. சம்பில் தண்ணீர் நிறைய இருக்கிறது, செடி தாகத்தில் சாகிறது.

வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் பார்க்க வந்த பையனிடம் டிடிஎஸ் மீட்டர் இருந்தது. போர் தண்ணீரில் வைக்கச் சொன்னேன். 1,900 காட்டியது. ஒரு லிட்டரில் 1,900 மில்லிகிராம் கரைந்த உப்பு, அதாவது கிட்டத்தட்ட இரண்டு கிராம். என் பெட்டி அந்த வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்தது. நாளைக்கு நான்கு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அறுபது நாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள், 228 கிராம். கல் உப்புப் பாக்கெட்டில் ஏறக்குறைய கால் பங்கை ஒரே பெட்டியில் கொட்டியிருக்கிறேன். செடி எடுத்துக்கொள்வது அதில் கொஞ்சம்தான். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. மேலிருந்து ஊற்றும்போது வீணாகிறது என்று நாம் வருந்துகிற அந்த அடி ஓட்டம் உப்பையும் கழுவிக்கொண்டு போகிறது. கீழிருந்து ஏறும்போது கழுவ யாருமில்லை. உப்பு மேலே மேலே ஏறி, விளக்குத் திரி நுனியில் கரி கட்டுவது போல மேல்மண்ணில் கட்டிவிடும்.

கர்னாலில் உப்புத் தண்ணீரை வைத்தும் பானைப் பாசனம் செய்து பார்த்திருக்கிறார்கள், காய்கறி விளைந்திருக்கிறது. அப்படியென்றால் எனக்கு ஏன் வரவில்லை என்று நெடுநாள் யோசித்தேன். வயலில் பானையைச் சுற்றி எப்போதும் ஈரம் இருக்கும், உப்பு அந்த ஈரத்தின் ஓரத்துக்குத் தள்ளிப்போய் ஒதுங்கிவிடும், அடுத்த மழை அதைக் கீழே இறக்கிவிடும். பெட்டிக்குள் ஒதுங்க இடமில்லை. நான்கு சுவருக்குள் உப்பும் வேரும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

நம் நிலத்தடி நீர் இப்படி ஆனது இயற்கையால் மட்டும் இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் 1960களிலிருந்து அள்ளி அள்ளி எடுத்தார்கள். நல்ல தண்ணீர் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. பிறகு 2010இல் அதே மீஞ்சூர் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கக் கூடியது. வடசென்னைக்கும் அந்தத் தண்ணீர் வந்தது. 2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்து இறங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இவ்வளவு பாடுபட்டு வரும் தண்ணீரைத் தளத்தில் ஓட விடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் பெட்டியைக் கைவிடாமல், உள்ளே ஊற்றும் தண்ணீரை மாற்றினேன்.

சம்புக்கு மெட்ரோ தண்ணீர்தான் நல்லது. அளவு பார்த்து ஊற்றுவதால் நினைத்ததைவிடக் குறைவாகவே ஆகும். என் பெட்டிச் சம்ப் பதினைந்து லிட்டர் பிடிக்கும், வெயில் காலத்தில் ஒரு வாரம் வரும், மற்ற மாதங்களில் பத்துப் பன்னிரண்டு நாள். ஏசி இருக்கும் வீடுகளில் பின்பக்கம் சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அது காற்றிலிருந்து குளிர்ந்து விழுவது, உப்பே கிடையாது. நம் கடலோரப் புழுக்கத்துக்கு ராத்திரி முழுக்க ஓடினால் பக்கெட் நிறையும். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. இரண்டாவது மாடியில் இருக்கிறது. அவர்கள் குழாயை என் பக்கெட்டுக்குத் திருப்பிவிட்டார்கள், நான் வாரம் ஒரு கட்டு முளைக்கீரை கொடுக்கிறேன். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் சம்பில் ஊற்றிவிடாதீர்கள். வீணாகிறதே என்று பலபேர் செடிக்கு ஊற்றுகிறார்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வைத்து வாசல் கழுவலாம், பாத்ரூம் கழுவலாம். தண்டையார்பேட்டையில் 2013இல் சில தெருக்களின் போர் தண்ணீரில் பெட்ரோலிய வாடை வந்தது நினைவிருக்கும். அப்படிச் சந்தேகம் உள்ள இடங்களில் போர் தண்ணீரைச் செடிக்கு எந்த வழியிலும் கொடுக்காதீர்கள்.

அரிசி களைந்த தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்கு நல்லதுதான். ஆனால் சம்புக்குள் போனால் மூடிய இடத்தில் புளித்து இரண்டே நாளில் நாறும். அவற்றை மேலே தெளித்துவிடுங்கள். எருவும் மேலேதான்.

எவ்வளவு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் உப்பு கொஞ்சம் சேரத்தான் செய்யும். அதனால் இப்போது பெட்டிகளின் அடியிலும் ஒரு துளை போட்டு ரப்பர் கார்க் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கார்க்கை எடுத்துவிட்டு மேலிருந்து ஒரு பக்கெட் தண்ணீரை மெதுவாக ஊற்றி, எல்லாம் வடிந்த பிறகு மூடுகிறேன். மேலே வெள்ளை தெரிந்தால் ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது நார்க்கழிவு போடுகிறேன். அக்டோபரில் மழை பிடித்ததும் கார்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுவேன். சென்னைக்கு வருஷத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. அது செய்கிற அலசலை நம் எந்தப் பக்கெட்டும் செய்யாது. நார்க்கழிவுக் கட்டியையும் அப்படியே போடாதீர்கள். அதிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தடவை தண்ணீர் மாற்றுங்கள்.

புதுப் பெட்டி போட்டவர்கள் இன்னொரு இடத்தில் ஏமாறுகிறார்கள். காய்ந்த நார்க்கழிவு தானாகத் தண்ணீரை இழுக்காது. முதல் நாள் மேலிருந்து நன்றாக நனைத்து, கால் டப்பா வரைக்கும் ஈரம் இறங்கியதை உறுதி செய்த பிறகுதான் சம்பை நிரப்ப வேண்டும். நாற்று நட்ட முதல் இரண்டு வாரம் மேலேதான் ஊற்ற வேண்டும், குழந்தை வேர் அவ்வளவு கீழே எட்டாது. எப்போதாவது சம்ப் காலியாகி உள்ளே முழுக்கக் காய்ந்துபோனால் மறுபடி மேலிருந்து ஆரம்பியுங்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, புதினா, பசலை, எல்லாக் கீரையும் இதில் சந்தோஷமாக வரும். கற்றாழை வேண்டாம். ஓமவல்லியும் கறிவேப்பிலையும் கால் நனைந்தே இருந்தால் அழுகும், அவற்றைப் பழைய தொட்டியிலேயே விடுங்கள்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்குக் கெடுதல் செய்தவள் ஆவேன். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடாது, நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக நம் சூட்டுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். நாம் செய்யும் சம்ப் அதற்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அதனால் வழியும் துளைக்கும், ஊற்றும் பைப்பின் வாய்க்கும் கொசுவலைத் துணியை இரட்டையாக மடித்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட வேண்டும். வலையை வாரம் ஒரு முறை விரலால் தடவிப் பாருங்கள், ஓட்டை இருந்தால் உடனே மாற்றுங்கள். மாநகராட்சியிலிருந்து கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து என்ன இது என்று கேட்டால் கோபப்படாதீர்கள். திறந்து காட்டுங்கள். போன முறை எங்கள் மாடிக்கு வந்த பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எடையும் முக்கியம். தண்ணீரும் ஈரமுமாக நிறைந்த பெட்டி ஒன்று ஐம்பது கிலோவைத் தாண்டும், இரண்டு 25 கிலோ அரிசிப் பை மாதிரி. ராயபுரத்தில் தேக்கு விட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மாடிகளில் நடுவில் வைக்கவே வைக்காதீர்கள். கீழே சுவர் வருகிற கோட்டின் மேல், ஓரமாக, ஒன்றிரண்டு மட்டும். சுனாமிக் குடியிருப்பு, ஹவுசிங் போர்டு மாடிகளிலும் ஓரமே நல்லது. பொது மாடியாக இருந்தால் மற்ற வீட்டுக்காரர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். கீழே தண்ணீர் ஒழுகாது என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கடைசியாக ஒன்று, நம் ஊருக்கே உரியது. மேலே ஊற்றிக்கொண்டிருந்தவரை இலையும் நனைந்து கழுவப்பட்டது. கீழிருந்து கொடுக்க ஆரம்பித்த மூன்றாவது வாரம் என் பசலை இலையை வெள்ளை லைனிங் துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பாக இழுத்தது. ராயபுரத்துக்காரர்களுக்கு நிலக்கரித் தூசி புதிதில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிடும்வரை, கொடியில் காயும் துணியைக் கறுப்பு படாமல் எடுத்தது கிடையாது. அந்தக் கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசித்துக்கொண்டிருந்த நம் சொந்தக்காரர்கள் இதையும் வாங்கிக்கொண்டார்கள். என் துணியில் வந்தது எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, லாரிப் புகையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தூசி மூடிய இலைக்கு வெளிச்சம் கிடைக்காது, அதைப் பறித்துச் சாப்பிடுகிற நமக்கும் நல்லதில்லை. வாரம் ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன், ஸ்ப்ரே பாட்டிலில் நல்ல தண்ணீர் நிரப்பி இலையின் மேலும் அடியிலும் அடியுங்கள். அரை லிட்டர் போதும். சமைக்கும் முன் கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள், அலசிய தண்ணீர் மற்ற தொட்டிக்கு.

பக்கத்துத் தெரு அக்காவுக்கு இந்த ஜனவரியில் ஒரு பெட்டி செய்து கொண்டுபோய் வைத்தேன். கத்தரி வேண்டாம் என்றார், மிளகாய் நாற்று வைத்தோம். இப்போது வாரத்துக்கு ஒரு முறை, ஒரே ஒரு குடம் ஏற்றுகிறார். பிஞ்சு விட்டிருக்கிறது. பைப்பின் வாயில் கட்டிய வலைக்கு மேல் ஒரு குச்சி சொருகி வைத்திருக்கிறார், சம்பில் தண்ணீர் எவ்வளவு என்று உள்ளே விட்டுப் பார்க்க. அந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை. அவரைப் பார்த்துதான் என் பதினாறு பெட்டிக்கும் குச்சி வைத்தேன்.

கத்திரி மே 4ஆம் தேதி ஆரம்பிக்கிறது. அதற்குள் வேர் கீழே இறங்கியிருக்க வேண்டுமென்றால் மார்ச் கடைசிக்குள் நாற்று நட்டுவிடுங்கள். தம்பி கொண்டுவந்த பெட்டிகள் இன்னும் ஒன்பது என் மாடிப்படிக்குக் கீழே கழுவிக் காய வைத்துக் கிடக்கின்றன. பாலியஸ்டர் திரியும் அலசி, வெட்டி, கட்டி வைத்திருக்கிறேன். பைப்பும் கிரேட்டும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குத் தையல் கிடையாது.

அன்புடன்,
மூன்றாவது மாடித் தையற்காரி,
திருவொற்றியூர்.